மங்கி பாரைப் பிடுங்கும் முன் கொஞ்சம் குனிந்து பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். குடியிருப்பின் விளையாட்டுத் திடலில் எட்டு வயதுப் பையன் ஒருவன் மங்கி பாரில், அதாவது ஏணியைப் படுக்கவைத்தது போல் தலைக்கு மேலே இருக்கும் கம்பி வரிசையில், தொங்கிக்கொண்டே போகும்போது விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. சங்கக் கூட்டத்தில் பாதிப் பேர் அந்தக் கம்பியையே எடுத்துவிட்டு இரண்டு ஸ்பிரிங் குதிரைகளை வைத்துவிடலாம் என்கிறார்கள், மீதிப் பேர் நாங்கள் எல்லாம் விழாமலா வளர்ந்தோம் என்கிறார்கள், நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறீர்கள்.

விளையாட்டுத் திடல்களைச் சோதித்துப் பார்ப்பதே பல வருடமாக என் வேலை. இந்தச் சண்டை எங்கே போனாலும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில்தான் நடக்கிறது, இரண்டு கட்சியும் கம்பியின் உயரத்தைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். நான் முதலில் கேட்பது வேறு. பையன் எதன் மேல் விழுந்தான்? ஏன் விழுந்தான்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தவர் கூட்டத்தில் அநேகமாக ஒருவர்கூட இருக்க மாட்டார்.

ஒரு பிரிவினையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி தானாக வரும். குழந்தை கண்ணால் பார்த்து, இது நம்மால் ஆகுமா ஆகாதா என்று தானே கணக்குப் போடக்கூடிய எதையும் நான் சவால் என்பேன். உயரமான மரக்கட்டை, ஆடுகிற கயிற்றுப் பாலம், செங்குத்தான மண்மேடு, கை எட்டுமா எட்டாதா என்று இருக்கும் அடுத்த கம்பி, எல்லாம் இந்த வகை. குழந்தைக்குத் தெரிய வழியே இல்லாதது பொறி. மண்ணுக்குள் அடிப்பாகம் துருப்பிடித்துப் போன கம்பம், உள்பக்கமாகத் தேய்ந்த ஊஞ்சல் சங்கிலி, மணலுக்கு இரண்டு விரல் கீழே ஒளிந்திருக்கும் கான்கிரீட் அடித்தளம். ஆறு வயதுப் பிள்ளை உயரத்தைப் பார்த்துப் பயப்படும், அது அதன் உடம்பிலேயே இருக்கிறது. சங்கிலிக் கண்ணியின் தேய்மானத்தைப் பார்த்துப் பயப்பட அதற்கு எந்த வழியும் கிடையாது. பொறியைத் தேடித் தேடி அகற்றவேண்டும், சவாலை விட்டுவைக்கவேண்டும். நடப்பது தலைகீழ். சவால் எல்லார் கண்ணிலும் படுகிறது, அதனால் அதைப் பிடுங்கிவிட்டு, கண்ணில் படாத பொறியை அப்படியே விட்டுவிட்டு, திடல் பாதுகாப்பாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறோம்.

இதை வெறும் அபிப்பிராயமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1990 முதல் 2000 வரை விளையாட்டுச் சாதனங்கள் தொடர்பாக இறந்த 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 147 பேர் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதில் 82 பேர் கழுத்து இறுகி இறந்தவர்கள். கீழே விழுந்து இறந்தவர்கள் 31 பேர். இன்னொன்று, பத்தில் ஏழு மரணங்கள் நடந்தது பொதுத் திடலில் கிடையாது, வீட்டுக் கொல்லையில் போட்ட ஊஞ்சலிலும் சறுக்குமரத்திலும். எல்லோரும் பயப்படுவது உயரத்துக்கு, உயிரைக் குடிப்பது கயிறும் இடுக்கும்.

கழுத்து எப்படி இறுகும் என்று கேட்பீர்கள். சின்னக் குழந்தைகள் இடுக்கில் நுழையும்போது காலை முதலில் விடும், உடம்பு வழுக்கிக்கொண்டு போய்விடும், தலை போகாது. உடம்பை விடத் தலை பெரியது, அவ்வளவுதான் விஷயம். அதனால்தான் சுமார் 9 செ.மீ.க்கு மேலும் 23 செ.மீ.க்குக் கீழும் உள்ள எந்தத் திறப்பும் கூடாது என்று அமெரிக்க வழிகாட்டியும் ஐரோப்பியத் தரநிர்ணயமும் ஏறக்குறைய ஒரே அளவைச் சொல்கின்றன. அதைவிடச் சின்னதாக இருந்தால் உடம்பே நுழையாது, பெரிதாக இருந்தால் தலையும் வெளியே வந்துவிடும். நடுவில் இருக்கும் அளவுதான் எமன். இதை அளக்கத் தனிக் கருவி இருக்கிறது, ஆனால் சங்கத்து ஆள் ஒருவர் 9 செ.மீ. அகலத்திலும் 23 செ.மீ. விட்டத்திலும் இரண்டு அட்டைகளை வெட்டி எடுத்துக்கொண்டு திடலைச் சுற்றி வந்தாலே போதும், மேடையின் கைப்பிடிக்கும் தரைப்பலகைக்கும் நடுவில், ஏணிப் படிகளுக்கு நடுவில், சறுக்குமரத்தின் தலைமாட்டில் என்று எங்காவது ஒன்று சிக்கும். அளவில் சரியாக இருந்த இடம்கூட ஒரு பலகை பெயர்ந்து போனதும் பொறியாகிவிடும். போன முறை சரியாக இருந்ததே என்பதெல்லாம் இந்த விஷயத்தில் செல்லாது.

கயிறு இன்னும் மோசம். யாரோ ஒரு பெரியவர் ஆசையாகக் கட்டிவிட்ட தாம்புக்கயிறு, ஸ்கிப்பிங் கயிற்றைச் சறுக்குமர உச்சியில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டது, சட்டையின் தலைமூடியில் இருக்கும் இழுப்புக்கயிறு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, துப்பட்டா. இவையெல்லாம் சறுக்குமரத்தின் மேல்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு போல்ட்டில் மாட்டிக்கொண்டால், குழந்தை கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருக்கும், கழுத்து மேலேயே நிற்கும். சைக்கிள் ஹெல்மெட்டும் அப்படித்தான். சைக்கிளில் உயிர் காக்கிற அதே ஹெல்மெட், ஏறுசட்டத்தில் தலையைப் பெரிதாக்கி இடுக்கில் சிக்கவைத்துவிடும், தாடைப் பட்டை கழுத்தை இறுக்கும். நல்ல அம்மா அப்பாவாக இருக்கவேண்டும் என்று நினைத்து ஹெல்மெட்டோடு ஏறச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கழற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் மடியில் உட்காரவைத்துச் சறுக்குவது. கைக்குழந்தை தனியாகப் போனால் பயமாயிருக்கிறது என்று மடியில் வைத்துக்கொண்டு சறுக்குவார்கள், குழந்தையின் கால் சறுக்கின் ஓரத்திலோ அடியிலோ பிடிபடும், பெரியவரின் எடை முழுவதும் சேர்ந்து கீழே இழுக்கும், கணுக்காலுக்கு மேலே எலும்பு திருகிக்கொண்டு முறியும். தனியாகச் சறுக்கியிருந்தால் கால் மாட்டியதும் குழந்தை நின்றிருக்கும். எலும்பு மருத்துவர்களுக்கு இது பழகிப்போன கதை.

சரி, தரைக்கு வருகிறேன். சங்கக் கூட்டத்தில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் தரைக்குக் கொடுங்கள் என்பேன். விழுவதை எந்தத் திடலிலும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது, விழுந்தபிறகு தலைக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் நாம் தீர்மானிக்க முடியும். இதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள், தலைக்காயக் குறியீடு என்று சொல்லலாம். தலை மாதிரியான ஒரு கருவியை உயரத்தில் இருந்து தரையில் போட்டு, அது எவ்வளவு சடாரென்று நிற்கிறது என்று அளப்பார்கள். அந்தக் குறியீடு 1000-ஐத் தாண்டாத உயரம் வரைக்கும்தான் அந்தத் தரை தாங்கும் என்று கணக்கு. கான்கிரீட்டிலும் தாரிலும் அந்த உயரம் சிரிப்பு வரும் அளவுக்குக் குறைவு. சங்கம் முழுக்க உட்கார்ந்து மங்கி பாரை அரை மீட்டர் இறக்கலாமா என்று விவாதித்துக்கொண்டிருக்கும், கீழே சிமெண்ட் தளத்தின் மேல் ஒரு பச்சைப் பாய் விரித்திருக்கும். அந்தப் பாய் புல் மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான் அதன் பயன்.

சில எண்களை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்க வழிகாட்டியின்படி சுமார் 23 செ.மீ. ஆழத்துக்கு மரச்சில்லு இருந்தால் 3 மீட்டர் உயரத்தில் இருந்து விழுவதைத் தாங்கும். அதே 23 செ.மீ. ஆழத்துக்கு மணல் இருந்தால் 1.2 மீட்டர்தான். பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும், மணல் மெத்தை மாதிரி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மணல் நனைந்து காய்ந்தால் இறுகிவிடும், மிதிபட்டால் இறுகிவிடும். தூளாக்கிய ரப்பர் 15 செ.மீ. இருந்தாலே 3 மீட்டர் தாங்கும். ஆனால் இவையெல்லாம் அமுங்கிய பிறகு இருக்கவேண்டிய ஆழம். கொட்டும்போது 30 செ.மீ. கொட்டினால்தான் கொஞ்ச நாளில் 23 நிற்கும். அதிலும் ஊஞ்சலுக்குக் கீழேயும், சறுக்கு முடியும் இடத்திலும், மங்கி பாரின் முதல் கம்பிக்குக் கீழேயும் பிள்ளைகள் காலால் உதைத்து உதைத்துக் குழி விழுந்திருக்கும். அதாவது எங்கே அதிகம் விழுவார்களோ சரியாக அங்கேதான் ஆழம் குறைவாக இருக்கும். ஒரு ஸ்கேலையும் வாரும் கோலையும் காவலாளியிடம் கொடுத்து, குழிகளைத் தினமும் ஓரத்தில் இருந்து இழுத்து நிரப்பச் சொல்லுங்கள். திடல் பாதுகாப்பில் நான் பார்த்தவரை இதைவிட மலிவான, இதைவிடப் பயனுள்ள வேலை கிடையாது, இதைவிட யாரும் செய்யாத வேலையும் கிடையாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நல்ல தரை தலையைக் காக்கும், கையை அவ்வளவாகக் காக்காது. விழுகிறவன் கையை ஊன்றுவான், ஊன்றிய கை முறியும், மங்கி பார்தான் கை முறிவுக்குப் பேர்போன சாதனம். எந்தத் தரை போட்டாலும் சில வருடத்துக்கு ஒரு மணிக்கட்டு முறியத்தான் செய்யும். ஆறு வாரத்தில் கூடிவிடும் எலும்பையும் கூடாத மண்டைக் காயத்தையும் ஒரே தராசில் வைத்துப் பேசும்போதுதான் கூட்டம் தடம் புரள்கிறது.

ஊஞ்சலைப் பற்றி ஒரு வரி. ஊஞ்சலில் இருப்பவனை விட அதன் குறுக்கே ஓடுகிற குட்டிப் பிள்ளைக்குத்தான் ஆபத்து, எனவே ஊஞ்சல் தொங்கும் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் முன்னாலும் பின்னாலும் காலியாக இருக்கவேண்டும், மற்ற சாதனங்களுக்குப் போகும் வழி அதன் குறுக்கே போகக்கூடாது.

இவ்வளவு பொறிகளைச் சொன்னதும் ஸ்பிரிங் குதிரைக் கட்சிக்காரர்கள் பார்த்தீர்களா என்பார்கள். இல்லை. பொறியை அகற்றுவது சவாலை வைப்பதற்காகத்தான்.

நார்வேயைச் சேர்ந்த எல்லன் சான்ட்செட்டர் என்ற ஆய்வாளர், பிள்ளைகள் எதையெல்லாம் பயமும் ஆசையும் கலந்து தேடிப்போகிறார்கள் என்று பாலர் பள்ளிகளில் உட்கார்ந்து கவனித்து 2007-இல் ஆறு வகையாகப் பிரித்தார். உயரம், வேகம், கூர்மையான கருவிகள், நீர் நெருப்பு போன்றவற்றின் அருகாமை, கட்டிப்புரண்டு மல்லுக்கட்டுவது, பெரியவர் கண்ணில் படாமல் தொலைந்துபோவது. பிறகு வந்த ஆய்வாளர்கள் இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள், அதில் ஒன்று எனக்குப் பிடித்தது, மற்றவர்கள் துணிச்சல் காட்டுவதை வேடிக்கை பார்ப்பது. மங்கி பாருக்குக் கீழே நின்றுகொண்டு வாயைப் பிளந்து பார்க்கும் பிள்ளையைப் போய் நீயும் ஏறு என்று தள்ளாதீர்கள், அது சும்மா நிற்கவில்லை. அடுத்த மாதத்துக்கான பாடம் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த ஆறையும் உங்கள் திடலில் வைத்துப் பாருங்கள். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் செட்டில் கொஞ்சம் உயரம், கொஞ்சம் வேகம் இருக்கும். மற்ற நான்கும் இருக்காது. ஒளிந்துகொள்ள ஒரு புதர் கூட இல்லாத திடல்கள்தான் அதிகம், எல்லாப் பக்கத்தில் இருந்தும் எல்லாமும் தெரியவேண்டும் என்று வெட்டிவிடுகிறார்கள். மூன்றே வாரத்தில் பிள்ளைகள் அந்த செட்டை முழுசாகத் தெரிந்துகொண்டுவிடுகிறார்கள், அலுத்துவிடுகிறது, அலுத்ததும் என்ன செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? சறுக்குமரத்தின் கூரை மேல் ஏறுவார்கள். ஊஞ்சலின் மேல்கம்பியில் நடப்பார்கள். செய்தவன் நினைத்தே பார்க்காத உயரத்தில், தரை போடாத பக்கத்தில் விழுவார்கள். சவால் இல்லாத திடலில் பிள்ளைகளே சவாலைச் செய்துகொள்வார்கள், அது உங்கள் கணக்கில் வராத சவாலாக இருக்கும்.

பயத்தைப் பற்றி இன்னொன்று. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-இல் பிறந்த சுமார் ஆயிரம் பேரை இன்றுவரை தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். சின்ன வயதில் உயரத்தில் இருந்து விழுந்து அடிபட்டவர்கள்தானே பெரியவர்களானதும் உயரத்துக்குப் பயப்படவேண்டும்? ஆய்வாளர்கள் பார்த்தது நேர்மாறாக இருந்தது. 5 வயதுக்கும் 9 வயதுக்கும் இடையில் விழுந்து பலமாக அடிபட்டவர்கள், 18 வயதில் உயரப் பயம் இல்லாதவர்கள் மத்தியில்தான் அதிகமாக இருந்தார்கள். விழுந்ததால் பயம் போயிற்று என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, பயமில்லாத பிள்ளைகள் அதிகம் ஏறியிருப்பார்கள், அதிகம் விழுந்திருப்பார்கள் என்றும் இருக்கலாம். விழுந்தால் வாழ்நாளெல்லாம் பயந்துபோய்விடுவான் என்ற வாதம் மட்டும் இதற்கு முன்னால் நிற்காது.

சாகச விளையாட்டு என்பது இப்போது கிளம்பிய மோகமும் கிடையாது. கம்பிச் சட்டத்தில் ஏறி விளையாடும் ஜங்கிள் ஜிம்முக்கு 1920-களில் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் செபாஸ்டியன் ஹின்டன். அவருடைய அப்பா ஒரு கணித மேதை, பிள்ளைகளுக்கு முப்பரிமாணமும் அதற்கு மேலும் புரியவேண்டும் என்று மூங்கிலால் சட்டம் கட்டி அதில் ஏறவிட்டாராம். கணக்கு மண்டையில் ஏறியதோ என்னவோ, பையனுக்கு ஏறிய சந்தோஷம் ஞாபகம் இருந்திருக்கிறது. டென்மார்க்கில் சோரென்சென் என்ற நிலவடிவமைப்பாளர், தான் அழகழகாக அமைத்த திடல்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டுமான இடங்களில் போய் விளையாடுவதைப் பார்த்து, பழைய மரமும் செங்கலும் டயரும் கொட்டிக்கிடக்கும் ஒரு திடலை அவர்களுக்கே விட்டுவிடலாம் என்று 1931-இல் எழுதினார். 1943-இல், ஜெர்மன் ஆக்கிரமிப்பின் நடுவே, கோபன்ஹேகனின் எம்ட்ருப் பகுதியில் அப்படி ஒன்று திறந்தது. ஆணி, சுத்தியல், ரம்பம் எல்லாம் பிள்ளைகள் கையில். போர் முடிந்ததும் அதைப் பார்த்துவிட்டுப் போன மார்ஜரி ஆலன் என்ற பிரிட்டிஷ் நிலவடிவமைப்பாளர் தன் நாட்டில் அதைப் பரப்பினார். இதில் பலர் கவனிக்காமல் விடுவது, அந்தத் திடல்களில் முழுநேரமும் ஒரு பெரியவர் இருந்தார் என்பதுதான். எம்ட்ருப்பில் ஜான் பெர்டெல்சன். அவர் வேலை தடுப்பதோ சொல்லிக்கொடுப்பதோ இல்லை. பொறி எதுவும் முளைக்காமல் பார்த்துக்கொண்டு, கேட்டால் உதவிக்கு வருவது.

எல்லாச் சாகசத்துக்கும் இவ்வளவு ஆரவாரம் தேவையில்லை. ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக்கலைஞர் 1947-இல் தொடங்கி ஆம்ஸ்டர்டாமில் 700-க்கும் மேற்பட்ட சின்னச் சின்னத் திடல்களை அமைத்தார். மணல்தொட்டி, உருண்டு விளையாட இரும்புக் கம்பிகள், தாவுவதற்குக் கான்கிரீட் கட்டைகள், வளைந்த ஏறுசட்டம், அவ்வளவுதான். யானை வடிவமும் கிடையாது, கோட்டை வடிவமும் கிடையாது. இது என்ன என்று சாதனமே சொல்லாததால் பிள்ளைகள் தினம் ஒன்றாக அதை ஆக்கிக்கொண்டார்கள்.

வடிவமைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது, ஹெல்லெ நெபெலாங் என்ற டேனிஷ் வடிவமைப்பாளர் அடிக்கடி சொல்வது. ஏணியின் படிகள் எல்லாம் ஒரே இடைவெளியில் இருந்தால் பிள்ளை அடுத்த அடியை யோசிக்கவே வேண்டாம். இயற்கையில் எந்தக் கிளையும் அப்படி வளர்வதில்லை. ஒரு முறை மரக்கட்டைகளைத் தாறுமாறாகச் சாய்த்துவைத்த ஒரு திடலில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஏறுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வலது கையால் கட்டையின் புடைப்பைப் பிடித்தாள், எடையைப் போடாமல் இரண்டு தடவை அசைத்துப் பார்த்தாள், செருப்பைக் கழற்றிக் கீழே போட்டாள், கால் கட்டைவிரலால் பட்டையின் சொரசொரப்பைத் தடவினாள், அப்புறம்தான் ஏறினாள். மேலே போனதும் அடுத்த கட்டை கொஞ்சம் தூரம், தாவலாமா என்று அரை நிமிடம் நின்றாள். தாவவில்லை. முகம் கீழ்நோக்கி வயிற்றால் ஊர்ந்து இறங்கிவிட்டாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் அங்கே செய்ததுதான் பாதுகாப்பு. பக்கத்திலேயே இருந்த ஒரே சீரான ஏணியில் அதே வயதுப் பையன்கள் பின்னால் திரும்பிக் கத்திக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அதற்காக எல்லாத் தரவிதிகளும் சாகசத்துக்கு எதிரி என்று கிளம்பிவிடாதீர்கள். கனடாவின் டொராண்டோவில் தரத்துக்குப் பொருந்தாத பழைய சாதனங்களைப் பள்ளிகளில் இருந்து அகற்றிப் புதியவை வைத்தபோது காயங்கள் குறைந்தன என்று 2005-இல் ஆய்வு வந்தது. இந்தப் பக்கமும் உண்மை இருக்கிறது. மறுபுறம், நியூசிலாந்தில் சில பள்ளிகளில் திடலில் சவாலையும் சுதந்திரத்தையும் கூட்டி, மற்ற பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 2017-இல் முடிவு வெளியானது. தள்ளுமுள்ளு அதிகமானது என்று பிள்ளைகளே சொன்னார்கள், ஆனால் அதை ஆசிரியரிடம் போய்ச் சொல்வது குறைந்தது, பள்ளியில் சந்தோஷமாக இருப்பதாகச் சொன்னவர்களும் அதிகம். இதை வெற்றி என்பதா தோல்வி என்பதா என்பது உங்கள் மனதைப் பொறுத்தது, நான் வெற்றி என்பேன்.

பெரியவர்களைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. திடலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எத்தனை தடவை பாத்து, பாத்து என்ற குரல் கேட்கிறது என்று எண்ணிப்பாருங்கள். அந்தச் சொல்லில் பிள்ளைக்குப் பயன்படும் தகவல் ஒன்றுகூட இல்லை. எதைப் பார்ப்பது? பயந்த குரல் மட்டும் போய்ச் சேரும், பிள்ளை கம்பியை விட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும், விழும். சொல்லியே ஆகவேண்டும் என்றால் உருப்படியாகச் சொல்லுங்கள். அந்தக் கம்பி ஈரமாயிருக்கு. இடது காலை எங்கே வைக்கப் போற? இறங்க வழி தெரியுமா? இதில் கடைசிக் கேள்வி முக்கியம், ஏறுவதை விட இறங்குவதுதான் கஷ்டம், நடுவழியில்தான் அது தெரியவரும்.

இன்னொரு பழக்கம், தூக்கி வைப்பது. தானாக ஏற முடியாத இடத்தில் பிள்ளையைத் தூக்கி வைக்கவே வைக்காதீர்கள். தன் கையால் காலால் ஏறிய உயரத்துக்குப் பிள்ளையிடம் கணக்கு இருக்கும், தூக்கி வைத்த உயரத்துக்கு இருக்காது. முதல் படியைக் கொஞ்சம் உயரமாக வைப்பது வடிவமைப்பாளர்களின் பழைய தந்திரம். அந்தப் படியில் ஏற முடியாத வயசு மேலே போகவேண்டிய வயசும் இல்லை. நாம் போய் இடுப்பைப் பிடித்துத் தூக்கி அந்தக் காவலைக் கெடுத்துவிடுகிறோம். மங்கி பாரையே நான்கு வயதுக்குக் கீழே பரிந்துரைப்பதில்லை, தோளில் அதற்கான வலு அப்போது இருக்காது. இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளைகளுக்குத் தாழ்வாக, தனியாக ஒரு மூலை இருக்கட்டும், அதிலும் அவர்கள் அளவுக்கு ஒரு மேடு, ஒரு பள்ளம், அள்ளிக் கொட்ட மணல்.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையையும் மறந்துவிடாதீர்கள். சாய்தளம் போட்டு மேடைக்குக் கொண்டுவந்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மேடையில் என்ன இருக்கிறது? சுற்றிவிடும் மூன்று எழுத்துக் கட்டைகள். அந்தப் பிள்ளைக்கும் வயிற்றில் ஜிவ்வென்று ஏறும் வேகம் வேண்டும், நாற்காலியோடு ஏறிச் சுற்றும் தரைமட்ட ராட்டினம் மாதிரி ஒன்று.

சட்டப் பயம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், யாராவது வழக்குப் போட்டால் என்ன செய்வது என்று. பிரிட்டனில் 2008-இல் ஒரு வழிகாட்டி வந்தது, ஆபத்தை மட்டும் எழுதாமல் பலனையும் பக்கத்தில் எழுதி இரண்டையும் சேர்த்து எடைபோடச் சொன்னது. தொழில் பாதுகாப்பைக் கவனிக்கும் அந்நாட்டு அரசு அமைப்பே 2012-இல் அந்த வழியை ஆதரித்து, எல்லா ஆபத்தையும் ஒழிப்பது நோக்கம் இல்லை என்று அறிக்கை விட்டது. உங்கள் சங்கத்துக்கும் அதையே சொல்வேன். ஒரு நோட்டை எடுங்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பக்கம். இதனால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது, என்ன கெடுதல் வரலாம், அதற்கு என்ன செய்திருக்கிறோம், எப்போது கடைசியாகப் பார்த்தோம். தினம் ஒரு சுற்று, உடைந்த பாட்டில், கட்டிவிட்ட கயிறு, சூடேறிய சறுக்கு, வாசல் கதவு சாத்துகிறதா. மாதத்துக்கு ஒரு முறை ஸ்பானரோடு போய் போல்ட், கொக்கி, சங்கிலி. வருடத்துக்கு ஒரு முறை வெளி ஆள். சங்கிலியைப் பார்க்கும்போது தொங்கவிட்டபடி பார்த்தால் தேய்மானம் தெரியாது, இரண்டு கண்ணிகளையும் கையால் தளர்த்தி உள்வளைவைப் பாருங்கள், அங்கேதான் பளபளவென்று மெலிந்திருக்கும். யாராவது கேள்வி கேட்டால் அந்த நோட்டுதான் உங்கள் பதில். கம்பியைப் பிடுங்கிவிட்டோம் என்பது பதிலே கிடையாது, மற்ற சாதனங்களை நீங்கள் பார்க்கவே இல்லை என்பதற்கு அது சாட்சி.

இனி அந்தப் பையன் விஷயம். நாளைக் காலையில் திடலுக்குப் போய் மங்கி பாருக்குக் கீழே ஸ்கேலைக் குத்திப் பாருங்கள், எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று. அப்புறம் ஏணியில் ஏறி ஒவ்வொரு கம்பியையும் உள்ளங்கையால் இறுகப் பிடித்துத் திருகுங்கள். எந்தக் கம்பியும் தன் குழியில் சுழலக்கூடாது, தரநிர்ணயங்கள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன, ஆனால் வெல்டிங் விட்டுப்போனால் சுழலும், பார்வைக்குத் தெரியவே தெரியாது. எட்டு வயது உடம்பு முழுவதும் ஒரு கையில் தொங்கும்போது அந்தக் கம்பி கால் சுற்றுச் சுழன்றால் போதும், விரல் தானாக விரிந்துவிடும், எவ்வளவு கெட்டிக்காரப் பையனாக இருந்தாலும். கனத்தையும் பாருங்கள், ஐரோப்பியத் தரநிர்ணயத்தில் பிடிமானத்துக்கான தடிமன் 16-இல் இருந்து 45 மி.மீ. வரை, சின்னக் கைக்கு 30-ஐ ஒட்டி இருந்தால் வசதி.

இதே மாதிரி ஒரு விபத்துக்குப் பிறகு என்னைக் கூப்பிட்ட ஒரு இடத்தில், கூட்டம் இரண்டு மணி நேரம் உயரத்தைப் பற்றியே பேசியது. வெளியே வந்து கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த பையனிடம் எந்தக் கம்பியில் வழுக்கியது என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னான், மூணாவது அங்கிள், அது எப்பவும் சுத்தும், எங்க எல்லாருக்கும் தெரியும், நாங்க அதை விட்டுட்டு நாலாவதைத்தான் பிடிப்போம், அன்னைக்குக் கை எட்டல. உங்கள் பையனிடம் யாராவது கேட்டீர்களா?